சேம்பர்ஸ் காலனியும் நம் இனிஷியலும்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "சேம்பர்ஸ் காலனி" என்று சொன்னால் வண்டி உடனே கிளம்பிவிடும். சேம்பர்ஸ் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார். இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஊருக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த மனிதர் நடத்திய தோல் தொழிற்சாலை.

ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்துவதுதான் நம் பக்கத்துப் பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியப் பள்ளியில் குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். அதே முறையைத் தொழிலாக்கி, பல்லாவரத்தை ஒட்டி ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் தொடங்கியதுதான் குரோம் லெதர் கம்பெனி. வாரங்கள் பிடித்த வேலை சில நாட்களில் முடிந்தது. தோல் வெளிர் நீலமாக வெளிவந்தது. கம்பெனியின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. முதலாளியின் குடும்பப் பெயர் காலனிக்குப் போனது.

அந்தக் குடும்பப் பெயர் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஷாம்ப்ர்' என்றால் அறை. பிரபுவின் அந்தரங்க அறையில், அவருடைய பெட்டி, துணிமணி, பணம் இவற்றுக்குப் பொறுப்பாக இருந்த ஊழியனை ஊரார் அறையைச் சொல்லியே அழைத்தார்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஒரே ஊரில் பத்து ஜான், இருபது வில்லியம் என்று ஆனபோது, அடையாளத்துக்காகத் தொழிலையோ ஊரையோ அப்பன் பெயரையோ சேர்த்துச் சொன்னார்கள். இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அது உறைந்துபோனது. பேரன் அறைக்குள் காலே வைக்காவிட்டாலும் அவன் சேம்பர்ஸ்தான்.

இன்னொரு பெயர் நமக்கு இதைவிடப் பழக்கம்: பாரிமுனையின் பாரி. 1788-இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி வேல்ஸ் நாட்டுக்காரர். வேல்ஸ் மொழியில் 'அப் ஹாரி' என்றால் ஹாரியின் மகன். வேகமாகச் சொல்லிச் சொல்லி 'அப்' தேய்ந்து, கடைசியில் மிஞ்சிய 'ப்' ஹாரியோடு ஒட்டிப் 'பாரி' ஆயிற்று. ஒரு சொல் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பெயருக்கு முன்னால் நிற்பது நமக்குப் புதிதா என்ன? அங்கே சுருங்கியது 'மகன்' என்ற சொல். நம் இனிஷியலில் சுருங்குவது அப்பாவின் பெயரே.

இந்தக் குடும்பப் பெயர்களைக் கேட்டு, கேடயத்தில் சிங்கமும் கழுகும் வரைந்து "உங்கள் குடும்பச் சின்னம்" என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். முகம் மூடிய கவசத்தில் யார் எவரென்று தெரிய, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கேடயத்தில் வரையத் தொடங்கியது அது. இங்கிலாந்து வழக்கப்படி சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. ஒரே குடும்பப் பெயர் இருக்கிறது என்பதற்காக அது எல்லோருக்கும் சொந்தமாகாது. இதைக் கண்காணிக்க 1484-இல் லண்டனில் அமைந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. நம் ஊரிலும் இந்தச் சின்னத்துக்கு உறவான ஒன்று உண்டு. பல்லாவரம் குன்றில் இன்று தர்காவாக இருக்கும் குடைவரையை வெட்டியவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். தன் விருதுப் பெயர்களை அங்கே கல்லில் வரிசையாகப் பொறித்து வைத்தான். ஏழாம் நூற்றாண்டு எழுத்து அது.

நமக்குப் பெயரின் வால் போனதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் சற்றுத் தெற்கேதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. தமிழ்நாடு செய்த பெரிய காரியங்களில் ஒன்று அது என்பேன். இன்றைக்கும் நம் வகுப்பறை வருகைப் பதிவேடு இனிஷியலோடு நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இப்போது தாம்பரத்திலும் சேலையூரிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' கட்டம் வருகிறது. முருகேசன் மகன் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தில் முருகேசன் என்று எழுதுகிறான். அங்கே ஆபீசில் எல்லோரும் அவனை 'மிஸ்டர் முருகேசன்' என்கிறார்கள். அவனுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் முருகேசன், அதன் குழந்தைக்கும் முருகேசன். இங்கிலாந்தில் சில நூற்றாண்டுகள் பிடித்த வேலை நம் வீடுகளில் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிறது.

எந்த பிரபுவின் எந்த அறை என்பது சேம்பர்ஸ் வம்சத்தாருக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. நம் வீட்டு முருகேசன் இன்னும் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் எந்த ஊரிலிருந்து தாம்பரம் வந்தார், என்ன வேலை பார்த்தார், அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டு, ஒரு பக்கம் எழுதி, அந்த பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.