தோலில் துளை போட்டால் சுருக்கம் போகும்… தெரியுமா?

விருத்தாசலம் பக்கத்து மங்கலம்பேட்டையில் நண்பகல் நிழலே விழாத நாள் வருஷத்துக்கு இரண்டு உண்டு, தெரியுமா? ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி இன்னொன்று. சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்து நிற்க, நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்தச் சித்திரை வெயிலில்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் முந்திரி பொறுக்குகிறார்கள், மல்லாட்டை பிடுங்குகிறார்கள். அப்படி வருஷக்கணக்கில் தோலில் ஏறிய வெயிலை, லேசரால் பொடிப்பொடித் துளை போட்டே சரிசெய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

முதலில் வெயிலின் வேலையைப் பார்ப்போம். உளுந்தூர்ப்பேட்டை – விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் இரண்டு கைகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஜன்னலோரம் இருக்கும் வலது கை பெரும்பாலும் ஒரு படி கூடுதலாகக் கருத்திருக்கும். அமெரிக்காவில் 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அங்கே டிரைவருக்கு ஜன்னல் இடது பக்கம். அவருடைய முகத்தின் இடது பாதி தடித்து, வரிவரியாகச் சுருங்கித் தொங்க, வலது பாதியோ பல வயது இளமையாகத் தெரிந்தது! ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதா 'ஏ' கதிர் உள்ளே வந்துவிடும். அது தோலின் அடியடுக்குவரை போய், தோலைத் தாங்கிப்பிடிக்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது.

நம் ஊர்த் தோலுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நிறத்தைத் தரும் மெலனினே குடையாகவும் இருப்பதால், வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். ஆனால் மங்கும் கரும்புள்ளியும் முந்திக்கொண்டு வந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி லேசருக்கு வருவோம். இந்தச் சிகிச்சையில் பேர்போன கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், தெரியுமா? மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் படேல். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவர் அதை உருவாக்கினார். கோலி சோடாவில் புஸ்ஸென்று பொங்குகிறதே, அதே வாயுதான்! அதிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சிகிச்சையின்போது முகத்தில் ஓடும் சிவப்புப் புள்ளி, குறி பார்ப்பதற்கான வேறொரு விளக்கு.

இந்த லேசரை வைத்து 1990-களில் முகத்தின் மேல்தோலை முழுசாகச் சீவி எடுத்தார்கள். பலன் பிரமாதம், படும் பாடோ கொடுமை! பத்துப் பதினைந்து நாள் பச்சைப் புண், அதற்கப்புறம் மாதக்கணக்கில் சிவப்பு. 2004-இல் பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் வேறு வழி சொன்னார்கள். முந்திரிக் கன்று நடக் குழி எடுப்பதுபோல, இடைவெளி விட்டுவிட்டுச் சுட்டால் என்ன? இதுதான் பிராக்ஷனல் லேசர்.

ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். முகத்தில் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளே. ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கில் விழும். ஆனாலும் முக்கால்வாசித் தோலில் கைபடுவதே இல்லை! அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து, சில நாளிலேயே மேல்பரப்பை மூடிவிடுகின்றன. சுட்டுப்போன துணுக்குகள் பழுப்புத் துகளாக மேலே வந்து ஒரு வாரத்தில் உதிர்கின்றன, கூடவே கொஞ்சம் கறையையும் தூக்கிக்கொண்டு. அடியில் புதுக் கொலாஜன் மூன்று முதல் ஆறு மாதம்வரை ஊறிக்கொண்டே இருக்கும். எனக்கு வியப்பு லேசர்மேல் அல்ல, மிச்சம் விட்ட அந்தத் தோல்மேல்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு மூடி. பக்கத்தில் குளிர்காற்று ஊதும் குழாய். சுருக் சுருக்கென்று குத்தும், முடி பொசுங்கும் வாடை வரும். இருபது முப்பது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். முகம் சிவந்து, வீங்கி, சில நாளைக்குச் சொரசொரவென்று இருக்கும். மென்மையான வகை என்றால் மாத இடைவெளியில் மூன்று நான்கு தடவை போக வேண்டும்.

இன்னொரு வியப்பு! அறுபது தாண்டிய அமெரிக்கர்களுக்கு ஒரு முன்கையில் மட்டும் இந்த லேசரைக் கொடுத்து, மறு கையை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். லேசர் பட்ட கையில், புற்றுநோய்க்கு முந்தைய வெயில் தடிப்புகள் அடுத்த சில வருஷங்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டன. வயதான செல்களுக்குப் புத்துணர்ச்சி வந்துவிட்டதாம்! தீக்காயத்தால் இறுகிப்போன தழும்புகளையும் இதே துளைகள் இளக்குகின்றன. மடங்காத விரல் மடங்குகிறது. அழகைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

இப்போது மங்குக்குத் திரும்புவோம். இந்த லேசர் குறிவைப்பது தோலிலுள்ள தண்ணீரை, நிறத்தை அல்ல. ஆனாலும் அந்தச் சூட்டில் நம் மெலனின் செல்கள் உசுப்பேறி, சிகிச்சை செய்த இடமே கருத்துப்போகலாம். மங்கு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் நம் தோலுக்குப் புள்ளிகளை விலக்கிப் போட வேண்டும், முன்னும் பின்னும் வெயில் படாமல் காக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் செய்துகொண்டு மறுவாரமே கொல்லைக்குப் போனால் காசும் போச்சு, முகமும் போச்சு.

லேசர் யாரையும் சிவப்பாக்காது. அப்படி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பையும் நம்பாதீர்கள், அது தோலை மெலிய வைத்துக் கெடுத்துவிடும். புள்ளியோ மச்சமோ திடீரென்று வளர்ந்தால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால், லேசருக்கு முன்னால் அது என்னவென்று பார்த்தாக வேண்டும்.

கடலூரோ புதுச்சேரியோ சென்னையோ, எங்கே போனாலும் தோல் மருத்துவம் படித்தவரிடமே போங்கள். உதட்டோரக் கொப்புளமோ முகத்தில் அக்கியோ வந்ததுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்து, நாலு வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் முகத்துக்கு வரச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.