ஏ.டி.எச்.டி. குழந்தைகளும் பொறுப்புணர்வும்

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு அல்லது ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை நிலைநிறுத்துதல், மனத்தின் உந்துதலை அடக்குதல், செயல்களைத் திட்டமிடுதல் ஆகியவற்றில் இடர்ப்பாட்டை ஏற்படுத்தும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஆகும். உலக அளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு குழந்தைகளிடம் இது காணப்படுகிறது. இக்குறைபாடு உள்ள குழந்தைகள் சிலர், செய்யாமல் விட்ட வேலைக்கும் செய்த தவறுக்கும் குறைபாட்டின் பெயரையே பதிலாகச் சொல்லப் பழகிவிடுகின்றனர். "எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, என்னால முடியாது" என்ற சொற்றொடரின் முதற்பாதி உண்மை, இரண்டாம் பாதி பெரும்பாலும் உண்மையன்று. முதற்பாதியை மறுக்காமலேயே இரண்டாம் பாதியை மாற்றுவது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள முக்கியப் பணியாகும்.

வரலாற்றுப் பின்னணி

1902ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவாற்றல் குறையாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றி விவரித்தார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை' என்பதாகும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1968இல் இது மிகை இயக்கம் சார்ந்ததாகவும், 1980இல் கவனக்குறைவு சார்ந்ததாகவும் பெயரிடப்பட்டது. இன்றைய பெயர் 1987இல் வந்தது.

இப்பெயர் மாற்றங்களின் வழியே, ஒழுக்கக் குறையாகப் பார்க்கப்பட்ட நிலை மருத்துவ நிலையாக ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய பார்வை முற்றிலும் மறையவில்லை. 'சாக்குச் சொல்கிறான்' என்ற குற்றச்சாட்டு பல நேரங்களில் 'சோம்பேறி', 'அடங்காதவன்' என்னும் பழைய வசைகளின் புதிய வடிவமாகவே வெளிப்படுகிறது. எனவே காரணம் எது, சாக்கு எது என்பதைப் பிரித்தறிவது அவசியமாகிறது.

குறைபாடு விளக்குவது எதை?

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 446 குழந்தைகளின் மூளைப் படங்கள் ஒப்பிடப்பட்டன. அவர்களில் பாதிப் பேர் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள். மூளையின் புறணி தடிப்பில் உச்சத்தை எட்டும் நடுமதிப்பு வயது மற்றக் குழந்தைகளிடம் 7.5 ஆகவும், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் 10.5 ஆகவும் இருந்தது. கவனத்திற்கும் திட்டமிடலுக்கும் உரிய முன்மூளைப் பகுதிகளில் தாமதம் மிகுதியாகத் தென்பட்டது. வளர்ச்சியின் வரிசையோ இரு பிரிவினரிடமும் ஒத்திருந்தது.

இவை சராசரியைக் காட்டும் எண்கள். தனியொரு குழந்தைக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும் இவற்றிலிருந்து இரு செய்திகள் கிடைக்கின்றன. பத்து வயதுக் குழந்தையிடம் அவ்வயதுக்குரிய தற்கட்டுப்பாட்டை உதவியின்றி எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதே வேளையில், அக்குழந்தைக்கு அத்திறன் வரவே வராது என்று முடிவு கட்டுவதும் தவறு.

உளவியலாளர் ரசல் பார்க்லி, இது செய்ய வேண்டியதை அறியாமை அன்று, அறிந்ததை உரிய நேரத்தில் செய்ய இயலாமை என்று விளக்குகிறார். வீட்டுப்பாடக் குறிப்பேட்டைப் பையில் வைக்க வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியும். மணி அடித்த அந்த நொடியில் அது நினைவுக்கு வராது. ஆகவே மாலையில் வீட்டில் சொல்லும் அறிவுரையைவிட, பையின் மேல் ஒட்டிய சிறு பட்டியல் கூடுதலாக உதவும்.

சாக்கு உருவாகும் விதம்

இப்பழக்கம் இருவேறு சூழல்களில் வளர்கிறது. முதலாவது, ஓயாத வசைச் சூழல். ஒவ்வொரு மறதிக்கும் திட்டு வாங்கும் குழந்தைக்கு, குறைபாட்டின் பெயர் ஒரு கேடயமாகிறது. இரண்டாவது, மிகையான விலக்குச் சூழல். "பாவம், அவனுக்கு முடியாது" என்று பெரியவர்கள் வேலையைத் தாமே செய்துவிடும்போது, அப்பெயரைச் சொன்னால் வேலை நீங்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. குழந்தை கேட்க உறவினரிடம் அதன் இயலாமையை விவரிப்பதும் இவ்வகையே. "இன்னைக்கு மாத்திரை போடல, அதான்" என்ற விடையும் இவ்வாறே பழக்கமாகிறது. தன் நடத்தை தன் கையில் இல்லை, மாத்திரையின் கையில் இருக்கிறது என்ற எண்ணம் அதில் பதிந்துள்ளது.

திறனில் காணப்படும் ஏற்ற இறக்கம் குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. விருப்பமான விளையாட்டில் ஒரு மணி நேரம் ஆழ்ந்திருக்கும் குழந்தை, கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் உட்காராது. நேற்றுச் செய்ததை இன்று செய்யாது. இது குறைபாட்டின் இயல்பு. நடிப்பு என்பதற்கான சான்று அன்று.

மைக்கேல் பெல்ப்ஸ்: ஓர் எடுத்துக்காட்டு

ஒலிம்பிக்கில் 23 தங்கம் உட்பட 28 பதக்கங்கள் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டது. அவருடைய தாயார் டெபி பெல்ப்ஸ் அப்போது பள்ளி ஆசிரியராக இருந்தார். மகனால் இது முடியாது என்று ஆசிரியர்கள் கூறியபோதெல்லாம், அதற்கு என்ன உதவி செய்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். வாசிப்பை வெறுத்த மகனுக்கு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தார். கணக்குகளை நீச்சல் தூரத்தையும் வேகத்தையும் கொண்டு அமைக்கச் செய்தார்.

சிறுவனாக இருந்தபோது ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்த பெல்ப்ஸ், ஆத்திரத்தில் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி வீசினார். குறைபாட்டைச் சொல்லித் தாயார் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. வெல்வதைப் போலவே நடந்துகொள்ளும் முறையும் முக்கியம் என்று எடுத்துரைத்தார். அத்துடன் நிற்காமல், இருவரும் சேர்ந்து ஒரு சைகையை வகுத்தனர். மகன் நிதானம் இழப்பதைக் கண்டால், பார்வையாளர் இருக்கையிலிருந்தே தாயார் கைவிரல்களை வளைத்துக் காட்டுவார். 'உன்னை நிதானப்படுத்திக்கொள்' என்பது அதன் பொருள். எதிர்பார்ப்பு தளர்த்தப்படவில்லை; அதை நிறைவேற்ற உதவும் கருவி உரிய நொடியில் தரப்பட்டது.

நடைமுறை வழிகள்

1. உண்மையை ஏற்றல்: "உனக்கு இது மற்றவர்களைவிடக் கடினம்தான்" என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடினம் புரிந்துகொள்ளப்பட்டால் கேடயம் தேவைப்படாது.

2. கேள்வியை மாற்றுதல்: "ஏன் செய்யல?" என்ற கேள்விக்குச் சாக்குதான் விடையாக வரும். "எந்த இடத்துல தடுமாறுச்சு? நாளைக்கு என்ன மாத்திப் பாக்கலாம்?" என்ற கேள்விக்குத் திட்டம் விடையாக வரும்.

3. அளவைக் குறைத்தல், வேலையை நீக்காதிருத்தல்: இருபது கணக்குகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து, இடையில் சிறு ஓய்வு தரலாம். வேலை முழுவதையும் தள்ளுபடி செய்யலாகாது.

4. தவறைச் சரிசெய்ய வைத்தல்: உந்துதலில் தம்பியின் பொம்மையை உடைத்துவிட்டால், "கோபம் சட்டுனு வந்துடுச்சு, புரியுது. ஆனா பொம்மையை ஒட்டிக் கொடுக்க வேண்டியது நீதான்" என்று சொல்லலாம். விளைவு சிறியதாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும். திங்கட்கிழமைத் தவறுக்கு ஞாயிறு வரை நீளும் தண்டனை இக்குழந்தைகளிடம் பயன் தருவதில்லை.

5. முயற்சியைப் பாராட்டுதல்: கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்திற்காகப் பாராட்டப்பட்ட மாணவர்களைவிட முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர், தோல்விக்குப் பின்னும் விடாமல் முயன்றனர். "பட்டியலைப் பார்த்து நீயே பையை அடுக்கிட்டியே" என்பது அத்தகைய பாராட்டு.

உதவி கேட்பது சாக்கு ஆகுமா?

"எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, அதனால எழுத மாட்டேன்" என்பது சாக்கு. "கவனம் சிதறுது, முன்வரிசையில உட்காரட்டுமா சார்?" என்பது கோரிக்கை. முதல் வாக்கியம் வேலையிலிருந்து விலகுகிறது. இரண்டாவது வேலையை நோக்கிச் செல்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியே குறிப்பிடப்படவில்லை. இந்நிலையில் தன் தேவையைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் திறன் குழந்தைக்கு மிகவும் பயன்படும்.

கவனிக்க வேண்டியவை

சாக்கு போலத் தோன்றும் எல்லாம் சாக்கு அன்று. வாசிக்க மறுக்கும் குழந்தைக்கு எழுத்துகளை அறிவதில் இடர்ப்பாடும், பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தைக்குப் பதற்றமும் இருக்கக்கூடும். இவை ஏ.டி.எச்.டி.யுடன் சேர்ந்தே வருவதுண்டு. உதவிகள் தந்த பின்னும் தடுமாற்றம் தொடர்ந்தால் மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகுவதே முறை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியையே முதற்சிகிச்சையாக அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2019இல் பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகின்றன. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவாக இருக்க வேண்டும்.

பலரிடம் இக்குறைபாட்டின் கூறுகள் வளர்ந்த பின்னும் தொடர்கின்றன. எனவே எட்டு வயதில் தாய் எழுதி ஒட்டும் பட்டியலை, பன்னிரண்டு வயதில் பிள்ளையே எழுதவும், பதினாறு வயதில் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் படிப்படியாகப் பழக்குவது நல்லது.