நோய் தீர்த்தலும் நோயாளரைப் பேணலும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த திருவள்ளுவர் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு அமையாது, அருகிருந்து பேணுவோனையும் ஒரு கூறாக வைத்தார். புற்றுநோய் மருத்துவத்தில் இந்நான்காங் கூறு நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை என்பன நோயைத் தாக்குவன. நோயுற்றவரின் வலி, குமட்டல், களைப்பு, அச்சம் என்பவற்றைத் தணிப்பது வேறொரு பணி. இதனை நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பர். இதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் மேலாடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. குளிரை ஒழிக்கவியலாதபோதும் போர்வை குளிர்ந்தவனைக் காக்குமன்றோ?

இத்துறைக்கு இக்கால வடிவந் தந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் (1918–2005) ஆவர். தாதியாகவும் வைத்தியசாலைச் சமூகசேவையாளராகவும் பணிபுரிந்த அவருக்கு, 1948இல் புற்றுநோயால் இறந்த போலந்து நாட்டவர் ஒருவர் 500 பவுணை விட்டுச்சென்றார். அதுவே பின்னெழுந்த பெருமுயற்சிக்கு வித்தாயிற்று. அம்மையார் 1957இல் வைத்தியராகி, 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி முற்றிய பின்னர் மருந்தளிக்கும் வழக்கத்தை விடுத்து, அது தலைதூக்குமுன் குறித்த நேரந்தோறும் மோர்பின் அளித்தலை அவர் வற்புறுத்தினார். உடல் நோவோடு மனத்துயரும் குடும்பக் கவலையும் ஆன்ம வேதனையும் சேர்ந்ததே 'முழு வலி' என்பது அவர் கொள்கை.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் வலிநீக்கலுக்கு மூன்று படிகளை வகுத்தது. பரசிற்றமோல் போன்றவை முதற்படி. கோடீன் போன்றவை இரண்டாம்படி. மோர்பின் போன்றவை மூன்றாம்படி. மோர்பின் என்றவுடன் போதைக்கு அடிமையாவோமென அஞ்சி வலியைப் பொறுத்திருப்போர் பலர். வைத்தியரின் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்வோர் அங்ஙனம் அஞ்சி வருந்த வேண்டியதில்லை. மலச்சிக்கலே பெரும்பாலும் நேரும் தொல்லை. அதற்கான மருந்தும் உடன் அளிக்கப்படும்.

மருந்தோடு இப்பணி முடிவதன்று. மார்பகச் சத்திரசிகிச்சைக்குப்பின் கை வீங்குவோருக்கு உடற்பயிற்சியும், விழுங்கவியலாதோர்க்கு ஏற்ற உணவும், மனந்தளர்ந்தோர்க்கு உளவள ஆலோசனையும் வேண்டும். மூச்சுப்பயிற்சி, யோகாசனம் என்பன பதற்றத்தைத் தணிக்க உதவலாம். ஆயின் அவை துணையாவனவேயன்றிச் சிகிச்சைக்கு மாற்றாகா. மூலிகைகள் சில புற்றுநோய் மருந்தின் செயலை மாற்றுமாதலின், உண்பதனை வைத்தியருக்கு மறையாதுரைத்தல் வேண்டும்.

இப்பராமரிப்பு இறுதிக் காலத்துக்கே உரியதென்பது பிழையான எண்ணம். பொஸ்ரன் நகரில், பரவிய நுரையீரற் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பெற்ற 151 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிடப்பெற்றது. சிகிச்சையோடு இதனையும் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது; இடைய அளவில் அவர்கள் 11.6 மாதமும் ஏனையோர் 8.9 மாதமும் வாழ்ந்தனர்.

பொருள்வளம் மிக்க நாடுகளுக்கே இஃது இயலுமென்றுங் கருதற்க. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய முயற்சி விரிவடைந்து, பயிற்சி பெற்ற அயலவரே வீடுதேடிச் சென்று நோயாளரைப் பேணும் இயக்கமாயிற்று. புண்ணைத் தூய்மைசெய்தலும் படுத்திருப்பவரைப் புரட்டிவிடுதலும் எவரும் கற்கத்தக்கவை.

ஆதலின், நம் இல்லங்களில் இந்நோய் வந்துழி, "நோய்க்கு என்ன சிகிச்சை?" என்பதோடு நில்லாது, "வலிக்கு என்ன செய்வோம்?" என்றும் முதல்நாளிலேயே வைத்தியரை வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுவது நம்பிக்கையைக் கைவிடுவதன்று. நான்காங் கூற்றை அதற்குரிய இடத்தில் வைப்பதேயாம்.