நூதனசாலைக் காப்பாளரின் கவலைகள்

மாலை வேளை. நூதனசாலையின் வாயிற் கதவு சாத்தப்படுகின்றது. தூரத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரைத் தொடர்ந்து பேருந்தை நோக்கி நடக்கின்றனர். சிம்மாசனத்தைக் கண்டோம், வாளைக் கண்டோம், முகமூடிகளைக் கண்டோம் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். இவற்றையெல்லாம் காத்து வைத்தவரை மாத்திரம் அவர்கள் காணவில்லை.

அவ்வேளையில் உள்ளே ஒருவர் கையிற் சிறு விளக்குடன் பேழை பேழையாகப் பார்த்துச் செல்கின்றார். பூட்டு உரியவாறு உளதா, கண்ணாடியின் உட்புறத்தே நீர் பனித்துளதா, மரப்பீடத்தின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்துளதா என்பனவே அவர் தேடுவன. நீர் பனித்திருப்பின் ஈரம் மிகுந்துவிட்டது. தூள் உதிர்ந்திருப்பின் வண்டு புகுந்துவிட்டது. பார்வையாளர் பொருளைப் பார்க்கின்றார். காப்பாளர் பொருளுக்கு நேரக்கூடிய கேட்டைப் பார்க்கின்றார்.

நூதனசாலை என்பது பழம்பொருள்களை அடுக்கி வைத்த மண்டபம் என்பதே பொதுமக்களிற் பலரின் எண்ணம். உண்மையில் மண்டபத்தில் இருப்பது மிகச் சிறு பகுதியாகும். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் ஏறக்குறைய 80 இலட்சம் பொருள்கள் உள. அவற்றுள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை ஏறத்தாழ 80,000. அஃதாவது நூற்றுக்கு ஒன்று. எஞ்சியவை களஞ்சிய அறைகளிலேயே இருக்கின்றன. ஆகவே நூதனசாலையிற் பணிபுரிவோரின் நாள், மக்கள் காணாத அறைகளிலேயே பெரும்பாலும் கழிகின்றது. அவர்தம் நாளாந்தக் கவலைகளை நான்கு வினாக்களாகத் தொகுத்துக் கூறலாம். இப்பொருள் யாது? இதனைக் காப்பது எவ்வாறு? இதனைக் காட்டுவது எவ்வாறு? இது யாருக்கு உரியது?

முதல் வினாவே ஏனைய மூன்றுக்கும் அடிப்படை. உழவர் ஒருவர் கிணறு வெட்டுகையிற் கிடைத்த செப்பு நாணயங்களை ஒரு துணியில் முடிந்து கொண்டு வருகின்றார் என்று கொள்வோம். காப்பாளர் அவற்றை உடனே பேழையில் வைத்துவிடுவதில்லை. எந்த ஊர், எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்தவை யாவை, கண்டெடுத்தவர் யார், எந்நாள் என்று கேட்டுக் கேட்டு எழுதுகின்றார். அளந்தும் நிறுத்தும் படம் பிடித்தும் பதிவேட்டில் ஓர் எண் கொடுக்கின்றார். நாணயமாயின் அதனை இடும் உறையில் அவ்வெண்ணை எழுதுவர். மட்கலமாயின், எளிதிற் கண்ணிற் படாத ஓரிடத்தில் முதலில் மெல்லிய வாணிசு பூசி, அது காய்ந்த பின் அதன்மேல் எண்ணை எழுதி, மீண்டும் வாணிசு பூசுவர். பின்னொரு காலத்தில் அவ்வெண்ணை நீக்க நேரிடின் கலத்துக்கு ஊறின்றி நீக்கலாம். பின்னர் நீக்க இயலாத எதனையும் பொருளுக்குச் செய்யலாகாது என்பது இத்தொழிலின் தலையாய நெறியாகும்.

இவ்வாறு எழுதி வைப்பதன் பெறுமதியை இலங்கையிற் கிடைத்த இரண்டு பொருள்கள் நன்கு உணர்த்தும். ஒன்று காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனப் பேரரசரின் தூதராய்ப் பெருங் கப்பற்படையுடன் வந்த செங் ஹோ என்பாரோடு தொடர்புடைய இக்கல், 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தேனவரை நாயனாரையும், பாரசீக வாசகம் இசுலாமிய இறைவனையும் போற்றிக் காணிக்கைகளை நிரைப்படுத்துகின்றன. 1911 ஆம் ஆண்டிலே காலி நகரில் ஒரு மதகை மூடிய கல்லாக இது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. கிடைத்த இடம் குறிக்கப்பட்டமையினாலேயே, தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த தெய்வத்தைப் பாடும் கல் காலிக்கு வந்தது எவ்வாறு என்னும் வினாவை அறிஞர் எழுப்பி ஆராய முடிந்தது.

மற்றையது தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலத் திருமேனி. உயரம் ஏறக்குறைய 143 சதம மீற்றர். இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் ரொபேட் பிரவுன்றிக் இதனை 1830 ஆம் ஆண்டிற் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். இது கிடைத்த இடம் பற்றிய குறிப்போ, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் என்ற அளவில் நின்றுவிடுகின்றது. அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட நிலம் நெடியது. எந்தக் கோயிலில் இத்திருமேனி நின்றது, உடன் நின்றவை யாவை, அதனை வழிபட்ட ஊரவர் யாவர் என்பவற்றைச் சொல்ல அக்குறிப்பு போதாது. கொழும்பு நூதனசாலையில் இதன் பிரதிமையொன்று வைக்கப்பட்டுள்ளது. திருமேனி குறைவின்றி இருக்கின்றது. அதன் வரலாறே பாதியாய்விட்டது.

பதிவேடு வரலாற்றுக்கு மாத்திரமன்றிக் காவலுக்கும் உரியது. பிரித்தானிய நூதனசாலையின் களஞ்சியத்திலிருந்து ஏறக்குறைய 2,000 பொருள்கள் காணாமற் போயின, களவாடப்பட்டன அல்லது சேதமுற்றன என்ற செய்தி 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது. அவற்றுட் பல முழுமையாகப் பதியப்படாத சிறு மணிக்கற்களும் நகைகளுமாம். எண் பெறாத பொருள் களவு போனால் அஃது இன்னாருடையது என நிறுவுவதே அரிதாகின்றது. அதன் பின்னர் அந்நூதனசாலை தன் பொருள்கள் அனைத்தையும் கணினியிற் பதியும் ஐந்தாண்டுத் திட்டமொன்றை அறிவித்தது. செல்வமும் ஆள்வலியும் மிக்க ஒரு நூதனசாலைக்கே இந்நிலை நேருமாயின், இரண்டொருவர் பணிபுரியும் சிறிய நூதனசாலையில் எழுதப்படாத பெட்டிகளை நோக்கி நிற்கும் காப்பாளரின் கவலை எத்தகையது என்பதை உணர்ந்துகொள்ளலாம்.

இனி இரண்டாம் வினா. வெப்ப நாட்டில் வைத்துக் காப்பது எளிதன்று. கொழும்பு போன்ற கடலோர நகரிற் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு 70 இற்கு மேலேயே நிற்கும். நூற்றுக்கு 65 ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் ஏட்டிலும் துணியிலும் பூஞ்சணம் படரத் தொடங்கும். ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாக மாறிக்கொண்டிருத்தல் அதனினும் தீது. மரம் ஈரத்தில் விரியும், உலர்விற் சுருங்கும். அதன்மேற் பூசப்பட்ட வண்ணம் அதற்கு ஈடுகொடாது வெடித்து உதிரும். ஆதலின், பகலிற் குளிரூட்டியை இயக்கிவிட்டுச் செலவைச் சுருக்க இரவில் நிறுத்திவைத்தல் சிக்கனமாய்த் தோன்றினும் தீமையே பயக்கும். இதனைக் கணக்குப் பகுதியாருக்கு விளக்குவதும் காப்பாளரின் கடமைகளுள் ஒன்றாகிவிடுகின்றது. வெண்கலத்திலே உப்புத் தங்கியிருப்பின், ஈரம் சேர்ந்ததும் அது வெளிர்பச்சைத் தூளாக அரிக்கத் தொடங்கும். இதனை வெண்கல நோய் என்றே வழங்குவர்.

ஒளியும் கேடு செய்வதே. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீற்றர் தொலைவில் தரும் ஒளி ஏறக்குறைய ஒரு லக்ஸ் ஆகும். ஏடு, கடதாசி, சாயத்துணி ஆகியவற்றின்மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படுதல் ஆகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 500 லக்ஸ் ஒளி ஒரு மணி நேரம் பட்டாலும், 50 லக்ஸ் ஒளி பத்து மணி நேரம் பட்டாலும் விளையும் கேடு ஒன்றே. மங்கிய நிறத்தைப் பின்னர் இருட்டில் வைத்து மீட்க முடியாது. மண்டபம் இருளடைந்து கிடக்கின்றதே, மின்குமிழ் வாங்கப் பணமில்லையா என்று கேட்கும் பார்வையாளர் இதனை அறியார். பொருளைக் காட்டும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளிற் சிறு பகுதியைச் செலவிடுவதாகும். இன்று பிறந்த குழந்தைக்கும் அதனைக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே காப்பாளர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏட்டை உள்ளே எடுத்து வைத்து வேறொன்றை வெளியில் வைக்கின்றார்.

பூச்சியின் தொல்லையைத் தமிழ் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் தொட்ட கையில் நொறுங்கிய துயரைத் தம் பதிப்புரையிலே பதிந்து வைத்துள்ளார். கறையானும் இராமபாணப் பூச்சியும் வண்டின் புழுவும் இன்றும் ஓய்ந்தபாடில்லை. பூச்சி பிடித்த துணியையோ மரப்பொருளையோ காற்றுப் புகாத உறையிலிட்டு, உறைநிலைக்குக் கீழே 20 பாகை குளிரில் ஓரிரு வாரம் வைத்தெடுப்பது இக்காலத்து முறைகளுள் ஒன்று. முற்காலத்தில் நஞ்சையே நம்பினர். பாடஞ்செய்த பறவை விலங்குகளின் தோலில் ஆசனிக் என்னும் பாசாணத்தைப் பூசுதல் 19 ஆம் நூற்றாண்டின் வழக்கம். அந்நஞ்சு நூறாண்டு சென்றும் தோலில் தங்கியிருக்கும். கையுறையும் முகக்கவசமும் அணியாது அவற்றைத் தொடுவோர் தம் உடல்நலத்தையே பணயம் வைக்கின்றனர்.

இவை அனைத்தினும் கொடியது தீ. 2018 ஆம் ஆண்டு செத்தெம்பர் 2 ஆம் நாள் பிறேசில் நாட்டின் தேசிய நூதனசாலை எரிந்தது. ஏறக்குறைய இரண்டு கோடிப் பொருள்களுள் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. பேசுவோர் எவரும் எஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அவற்றுடன் அழிந்தன. ஒரு மொழியின் கடைசிக் குரல் ஓர் இரவில் மறைந்தது என்ற செய்தி வானொலி நேயர்களின் உள்ளத்தைச் சிறப்பாகத் தொடும். படமும் பிரதியும் வேறோரிடத்தில் வைக்க வேண்டும் என்று காப்பாளர் ஓயாது வற்புறுத்துவது இதனாலேயாம்.

மூன்றாம் வினா காட்டுவது பற்றியது. பேழையின் அருகிலுள்ள சிறு விளக்க அட்டையை எழுதுவது எளிய வேலை எனப் பலர் எண்ணுவர். ஒரு பேழையின் முன் பார்வையாளர் நிற்பது சில கணமே. அதற்குள் வாசித்து முடிக்கும்படி ஐம்பது சொற்களுக்குள் அமைதல் வேண்டும்; அறிஞர் குறை கூறாததாயும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்குவதாயும் இருத்தல் வேண்டும். இலங்கையிலோ சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் எழுதுதல் வேண்டும். மூன்றையும் ஓர் அட்டையில் அடக்கினால் எழுத்துச் சிறுத்து முதியோருக்குத் தெரியாது. எழுத்தைப் பெருப்பித்தால் அட்டை பொருளை மறைக்கும்.

சொல்லைத் தெரிவதிலும் இடர்ப்பாடு உண்டு. பொலன்னறுவைச் சிவாலயத்தில் 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்ட சைவத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையில் உள. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும் ஆனந்த குமாரசுவாமி அவர்களும் அவற்றைப் பற்றி எழுதியுள்ளனர். நடராசர் திருமேனியின் முன் ஒருவர் அதன் காலத்தையும் உலோகத்தையும் குறித்துக்கொள்வார். மற்றொருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவார். வெண்கல உருவம் என்று எழுதினால் அடியவர் மனம் நோகும். பத்தியுரையாக எழுதினால் ஆராய்ச்சியாளர் கேட்பது கிடையாது. இருவரும் நூதனசாலையின் விருந்தினரே. இருவருக்கும் பொருந்தும் சொல்லைத் தேடுவதிற் காப்பாளரின் ஒரு பகல் கழிந்துவிடலாம்.

நான்காம் வினா, யாருக்கு உரியது என்பது. கண்டி அரசரின் சிம்மாசனம் 1815 இல் கண்டி வீழ்ந்த பின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1934 ஆம் ஆண்டிலே திருப்பி அளிக்கப்பட்டது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்து சென்ற லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கைக்கு மீள அளித்தது. அதற்கு முன்னர் இரு நாட்டு ஆராய்ச்சியாளரும் பழைய ஏடுகளையும் பட்டியல்களையும் ஒப்புநோக்கி, அவை எவ்வாறு கைமாறின என ஆராய்ந்தனர். உரிமை பற்றிய வழக்கிலும் இறுதியிற் சான்று கூறுவது என்றோ ஓர் எழுத்தர் எழுதி வைத்த குறிப்பே. முதல் வினாவுக்கு விடை எழுதப்பட்டிருந்தால்தான் நான்காம் வினாவுக்கு நீதியான விடை கிடைக்கும்.

இப்பணியிற் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தினுள் மறைந்து கிடந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. கண்டெடுப்பவர் அதனை அறிவித்தல் கடமை. பழைய நாணயம் கிடைத்ததும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்வது நம் வீடுகளின் வழக்கம். அவ்வாறு துலக்குகையில் நாணயத்தின் எழுத்தும் தேய்ந்துபோகும். கிடைத்தபடியே வைத்து, இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி உடன் வைப்பவர் நூதனசாலைக்குப் பேருதவி செய்தவராவர். வீட்டுப் பரணிற் கிடக்கும் வாகட ஏட்டுக்கும் பாட்டனார் விட்டுச் சென்ற எழுத்தாணிக்கும் இதுவே பொருந்தும். இஃது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவர் மறைந்த பின்னர் அவ்வெழுத்தாணி வெறும் இரும்பாகிவிடும்.

அடுத்த முறை நூதனசாலைக்குச் செல்லும் நேயர்கள், பேழையிலுள்ள பொருளின் ஓரத்தே தெரியும் சிறிய எண்ணையும் ஒரு கணம் நோக்குவார்களாக. அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் பொறுமையோடு கேட்டு எழுதி வைத்தார் என்பதற்கு அவ்வெண்ணே சான்று.