கறையை நீக்கலாம், முகத்தை மாற்றலாமா?

கோட்டைக்குப்பத்தில் உப்புக்காற்று பட்டுப் புகைப்படங்கள் விரைவில் கறைபடும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாத்தா படகருகே நிற்கும் ஒரே படத்தைக் கொண்டுவந்தாள். ஸ்கேன் செய்து, கட்டணமில்லா 'கிம்ப்' மென்பொருளில் திறந்தோம்.

படத்தின்மேல் வெற்று அடுக்கு ஒன்றைச் சேர்த்தோம். குளோன் கருவியில் கீழடுக்கையும் படிக்க 'சாம்பிள் மெர்ஜ்டு' தேர்ந்தோம். கன்ட்ரோல் விசையை அழுத்திக் கறையில்லாத வானத்தைச் சொடுக்கி, கறைமேல் தீட்டினோம். கீழே அசல் அப்படியே இருந்தது.

தாத்தாவின் ஒரு கண்ணிலும் கறை. "மறு கண்ணையே குளோன் செய்யலாமே?" என்றான் ஒருவன். "வேணாம் சார், அது தாத்தா கண்ணு இல்ல" என்றாள் அவள். விட்டுவிட்டோம்.

அடுக்குகள் அழியாதிருக்க எக்ஸ்.சி.எஃப். கோப்பாகச் சேமித்தோம். அடுத்து, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் படமெடுக்கப்போகிறோம். தேய்ந்த எழுத்துகளுக்கும் அவள் சொன்னதே விதி.