வென்றும் கலைந்த அணி

திரியாய் ஊடாகப் புல்மோட்டை வீதியில் சைக்கிளோட்டம் போனால் வேலியோரம் நின்றே பார்க்கலாம். யாரும் நுழைவுச்சீட்டுக் கேட்பதில்லை. பிரான்ஸ் சுற்றோட்டத்திலும் இதே கதைதான். தொலைக்காட்சிப் பணமும் பெரும்பாலும் போட்டி நடத்துவோருக்கே போகிறது. ஆக, அணி வாழ்வது அனுசரணையாளரின் பணத்தில். அணியின் பெயரே அவர் பெயர்தானே! 2011இல் எச்.டி.சி. ஹைரோட் அணியின் மார்க் கவெண்டிஷ் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் 5 கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையும் பெற்றார். இரண்டு வாரத்துக்குள், புதிய அனுசரணையாளர் கிடைக்காததால் அணியைக் கலைப்பதாக அறிவித்தார்கள்.

வென்றால் பணம் தானாக வராதா என்பீர்கள். வெற்றி தருவது விளம்பரம் மட்டுமே. அதை வாங்குவதா என்பது கம்பனியின் கணக்கு. கிரிக்கெட்டிலும், 2025இல் சாம்பியன்ஸ் கிண்ணம் வென்ற இந்திய அணி, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தால் தன் அனுசரணையாளரான ட்ரீம் இலெவனை இழந்தது. ஆனால் ஒளிபரப்பு வருமானம் கைகொடுத்தது. அடுத்த மாதமே அப்பல்லோ டயர்ஸும் வந்தது. ஹைரோடுக்கு யாரும் வரவில்லை.