கோடுகளால் கொடி நாட்டியவர்

விளம்பரப் படம் வரைந்தே உலகப் புகழ் பெற்ற சித்திரக்காரர்

ஒரு பெண்ணின் முகம். அவள் கண்களைக் கறுப்புத் துணி மறைத்திருக்கிறது. உதடுகள் மட்டும் செக்கச் செவேல் என்று இருக்கின்றன!

1949-ம் ஆண்டு வெளிவந்த "ரூஜ் பேஸே" என்ற உதட்டுச் சாயத்தின் விளம்பரம் இது. கண்ணை மறைத்துவிட்டால், பார்ப்பவரின் பார்வை எங்கே போகும்? உதட்டுக்குத்தானே!

இதை வரைந்தவர் ரெனே குரூவோ. பாரிஸ் நகரில் நாகரிக உடைகளைப் படமாக வரைந்து பெயர் பெற்றவர்.

பிரபுவின் மகன்

குரூவோ பிறந்தது பிரான்சு நாட்டில் அல்ல. இத்தாலியில், ரிமினி என்ற கடற்கரை ஊரில், 1909-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பிறந்தார். தந்தை இத்தாலியப் பிரபு. தாய் பிரெஞ்சுப் பெண்மணி.

அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாயுடன் ஊர் ஊராகச் சென்று வளர்ந்தார். பிற்காலத்தில், தந்தையின் நீண்ட பட்டப் பெயரை விட்டுவிட்டு, தாய் பிறந்த வீட்டின் பெயரான "குரூவோ"வையே வைத்துக்கொண்டார்.

கட்டிடக் கலை படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், பிழைப்புக்குப் பணம் வேண்டுமே! பென்சிலை எடுத்தார். உடைகளை வரைந்து பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். 20 வயது ஆகுமுன்பே அவருடைய படங்கள் அச்சில் வந்தன.

யாரைப் பார்த்துக் கற்றார்?

1891-ம் ஆண்டில் பாரிசின் "மூலான் ரூஜ்" நடன அரங்குக்குத் துலூஸ் லோத்ரெக் என்ற ஓவியர் ஒரு சுவரொட்டி வரைந்தார். தெருவில் போகிறவர்களை அது நிற்க வைத்தது. அந்த ஓவியரும், ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களும் குரூவோவுக்கு வழி காட்டின. தடித்த கோடு, நிழல் இல்லாத பட்டையான வண்ணம், நிறைய வெற்றிடம் - இவற்றை அங்கே கற்றார். பின்னர் அதே "மூலான் ரூஜ்" அரங்குக்கு அவரும் சுவரொட்டிகள் வரைந்தார்!

நண்பர் டியோர்

1930-களில் "பிகாரோ" பத்திரிகைக்குப் படம் வரைந்தபோது, கிறிஸ்டியன் டியோர் என்ற இளைஞர் நண்பரானார். அவரும் அப்போது உடைப் படங்கள் வரைந்து பிழைத்தவர்தான்.

உலகப் போர் முடிந்தது. போர்க் காலத்தில் துணிக்குப் பஞ்சம். பெண்கள் குட்டையான, ஒடுக்கமான உடை அணிந்து வந்தார்கள். 1947-ல் டியோர், கெஜக் கணக்கில் துணி பிடிக்கும் அகன்ற பாவாடைகளை அறிமுகம் செய்தார். உலகமே திரும்பிப் பார்த்தது!

டியோரின் "மிஸ் டியோர்" செண்டுக்குக் குரூவோ விளம்பரம் வரைந்தார். ஒரு படத்தில், சிறுத்தையின் பாதத்தின் மேல் ஒரு பெண்ணின் கை. இன்னொன்றில், கழுத்தில் முத்துமாலை அணிந்த அன்னம்!

போட்டோ வந்தது

காமிரா பெருகியது. பத்திரிகைகள் சித்திரத்தை விட்டு போட்டோவுக்கு மாறின. சித்திரக்காரர்கள் பலர் வேலை இழந்தனர்.

குரூவோ தூரிகையைக் கீழே வைக்கவில்லை. காமிரா எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். அவரோ வேண்டாததை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் காட்டினார். 1957-ல் டியோர் காலமான பிறகும் அந்த நிறுவனம் அவரை விடவில்லை. 1966-ல் வந்த "ஓ சோவாஜ்" என்ற ஆண்களின் செண்டுக்கும் அவரே படம் வரைந்தார்.

2004-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, 95-வது வயதில், ரோம் நகரில் குரூவோ காலமானார்.

தந்தையின் பெயரை அவர் விட்டுவிட்டார். ஆனால், பிறந்த ஊர் அவரை விடவில்லை. ரிமினி நகரின் பொருட்காட்சிசாலையில் அவருடைய படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன.